நம்தாபா தேசியப் பூங்காவுக்குப் போவது எப்படி? திப்ருகரிலிருந்து தேபான் வரை

[திரையில்: இந்திய வரைபடம். வடகிழக்கு மூலை மெதுவாகப் பெரிதாகிறது.]

அருணாசலப் பிரதேசத்தோட கிழக்குக் கோடியில, சாங்லாங் மாவட்டத்துல, மியான்மர் எல்லையை ஒட்டி இருக்கு நம்தாபா தேசியப் பூங்கா. பரப்பளவு 1,985 சதுர கிலோமீட்டர். நம்ம முதுமலை புலிகள் காப்பகம் 688. கிட்டத்தட்ட மூணு முதுமலையைச் சேர்த்து வச்ச அளவு. ஆத்தங்கரையில சுமார் 200 மீட்டர் உயரத்துல ஆரம்பிக்கிற காடு, டாபா பும் சிகரத்துல 4,571 மீட்டர் வரைக்கும் ஏறுது. கீழே மழைக்காடு, உச்சியில பனி. அதனாலதான் புலி, சிறுத்தை, படைச்சிறுத்தை, பனிச்சிறுத்தைன்னு நாலு பெரிய பூனைகளுக்கும் பேர் போன காடு இது. 1983ல தேசியப் பூங்காவாவும் புலிகள் காப்பகமாவும் அறிவிச்சாங்க.

இவ்வளவு பெரிய காட்டுக்குள்ள வண்டி போற பாதைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான்: பூங்காவோட நுழைவாயிலான மியாவ் ஊர்லேருந்து, எல்லையோர ஊரான விஜயநகர் போற 157 கிலோமீட்டர் சாலை. அதனால உங்க திட்டத்தை மியாவ்லேருந்துதான் ஆரம்பிக்கணும். வேலை நாள்ல, அலுவலக நேரத்துல, கையில காகிதங்களோட மியாவ்ல நிக்கணும். மத்த எல்லாத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி பின்னாடி கணக்குப் போட்டு வாங்க.

[திரையில்: கைப்பேசி வரைபடம், தேடல் பெட்டி.]

முதல் சிக்கல் மேப்லயே வரும். பூங்கா பேரைப் போட்டுத் தேடினா, குறி காட்டோட நடுவுல போய் விழும். அங்க ரோடே கிடையாது. அந்தக் குறியை வச்சு ஆப் சொல்ற நேரத்தை நம்பி யாரும் கிளம்பாதீங்க. முதல்ல மியாவ்னு தேடுங்க. அப்புறம் தேபான். பூங்காவுக்குள்ள பயணிகள் தங்குற வனத்துறை விடுதி இருக்கிற இடம் தேபான். நோவா திஹிங் ஆத்தோட கரையில, மியாவ்லேருந்து சுமார் 25 கிலோமீட்டர். இந்த ரெண்டு இடத்தையும் குறிச்சுட்டு, அந்தப் பகுதியோட மேப்பைக் கைப்பேசியில இறக்கி வச்சுக்கோங்க. மியாவைத் தாண்டினா சிக்னலை நம்ப முடியாது.

அடுத்தது அனுமதி. அருணாசலுக்குள்ள நுழைய, மத்த மாநிலத்து இந்தியர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேணும். 1873லயே ஆங்கிலேயர் போட்ட எல்லைச் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. மாநில அரசோட இணையதளத்துலயே விண்ணப்பிக்கலாம். போற இடத்துல சாங்லாங் மாவட்டம்னு குறிப்பிடுங்க. அடையாள அட்டையில பேர் எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்க. நம்ம ஊர்ல இனிஷியலை ஒரு அட்டையில முன்னாடியும் இன்னொண்ணுல விரிச்சும் எழுதியிருப்பாங்க. எந்த அட்டையைக் காட்டப் போறீங்களோ, அதுல இருக்கிற பேர்தான் பெர்மிட்லயும் இருக்கணும். நாட்கணக்குல ரெண்டு மூணு நாள் கூடுதலாவே கேளுங்க. மண்சரிவுல மாட்டினா அந்த நாள் கை கொடுக்கும். அச்செடுத்த பிரதி நாலஞ்சு வச்சுக்கோங்க, சோதனைச் சாவடியிலயும் தங்குற இடத்துலயும் கேப்பாங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு இது செல்லாது, அவங்களுக்குத் தனியா பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி வேணும்.

பெர்மிட் உங்களை மாநிலத்துக்குள்ளதான் விடும். பூங்காவுக்குள்ள போக தனி அனுமதி, தேபான் விடுதிக்குத் தனிப் பதிவு. ரெண்டுமே மியாவ்ல இருக்கிற கள இயக்குநர் அலுவலகத்தோட பொறுப்பு. பலர் நாளை இழக்கிறது இங்கதான். சனிக்கிழமை சாயங்காலம் மியாவ் வந்து சேர்ந்தா, ஞாயித்துக்கிழமை முழுக்கக் காத்துக் கிடக்கணும். திங்களோ செவ்வாயோ காலையில அலுவலகம் திறக்கும்போது அங்க இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க.

[திரையில்: திப்ருகர், தின்சுகியா, டிக்பாய், மார்கரிட்டா, லேடோ, ஜாகுன், கர்சாங், மியாவ். கோடு ஒவ்வொரு ஊராகத் தொட்டு நகர்கிறது.]

விமானத்துல போறவங்க கொல்கத்தா இல்ல குவாஹாட்டி வழியா திப்ருகர்ல இறங்கலாம். ரயில்னா தின்சுகியா. கன்னியாகுமரியிலேருந்து திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியா போய் தின்சுகியாவுல நிக்கும். நாட்டுலயே நீளமான தடம், 4,100 கிலோமீட்டருக்கு மேல. மூணு நாளுக்கும் அதிகமாகும். வடகிழக்கு ரயில்கள் தாமதமாகிறது சகஜம், அதனால தின்சுகியாவுல ஒரு ராத்திரி தங்குற மாதிரி வச்சுக்கோங்க.

திப்ருகர்லேருந்து மியாவ் சுமார் 160 கிலோமீட்டர். மார்கரிட்டாவிலேருந்து 64. அஸ்ஸாமோட கடைசிப் பெரிய கடைவீதிகள் டிக்பாயும் மார்கரிட்டாவும்தான். பணம் எடுக்கிறது, டீசல் போடுறது, மருந்து வாங்குறது எல்லாத்தையும் இங்கயே முடிச்சிடுங்க. ஜாகுனைத் தாண்டி நம்சிக் சோதனைச் சாவடியில பெர்மிட்டைப் பார்ப்பாங்க. மியாவ் வரைக்கும் ஷேர் சுமோ கிடைக்கும், ஆனா அதெல்லாம் காலையிலேயே கிளம்பிடும். கிளம்புறதுக்கு முன்னாடி பந்த் ஏதாவது இருக்கான்னு விடுதியில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அந்தப் பக்கம் பந்த்னா வண்டியே ஓடாது. எல்லை மாவட்டம்ங்கிறதால ராணுவச் சோதனையும் இருக்கும். கேட்டதுக்குப் பதில் சொல்லி அட்டையைக் காட்டினா போதும்.

இப்போ வெளிச்சம். நம்ம ஊர்க் கணக்கு இங்க செல்லாது. டிசம்பர்ல மியாவ்ல சாயங்காலம் நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், அஞ்சு மணிக்கு நல்ல இருட்டு. காலையில ஆறு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும். "மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பலாம்"னு நினைச்சா, மியாவ்–தேபான் பாதையோட மோசமான பகுதியை இருட்டுல கடக்க வேண்டி வரும். 25 கிலோமீட்டர்தானேன்னு தோணும். சேறு, ஓடை, சரிஞ்ச மண்ணுன்னு ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். மழை பெஞ்சிருந்தா அதுக்கும் மேல. இந்தப் பாதையில பஸ் கிடையாது. மியாவ்லயே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை, உள்ளூர் ஓட்டுநரோட பேசி எடுங்க. திரும்பக் கூட்டிட்டு வர்ற தேதியையும் நேரத்தையும் அப்பவே முடிவு பண்ணிடுங்க, தேபான்லேருந்து போன் போட்டுக் கூப்பிட வழி இருக்காது.

நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும்தான் நல்ல காலம். மார்ச்ல மழை தலைகாட்ட ஆரம்பிக்கும். அப்புறம் ஆறு பெருகும், ரோடு அறுந்து போகும்.

[திரையில்: தேபான் கரை. ஆற்றின் மறுபக்கம் செங்குத்தாக எழும் காடு.]

தேபான் வந்தாச்சு. காசிரங்கா மாதிரி ஜீப் சஃபாரியை எதிர்பார்த்து வந்தா ஏமாந்துதான் போவீங்க. இங்க எல்லாம் நடைதான். ஆத்தைப் படகுல கடந்து, அக்கரையில ஹல்திபாரி, ஹார்ன்பில், புல்புலியா, ராணிஜீல், ஃபர்ம்பேஸ்னு முகாம் இடங்கள் ஒண்ணொண்ணா வரும். ஹல்திபாரி சுமார் 5 கிலோமீட்டர், காலையில போய் மத்தியானம் திரும்பிடலாம். ஃபர்ம்பேஸ் வரைக்கும்னா கூடாரம், வழிகாட்டி, சுமைதூக்கி எல்லாம் வேணும். பெரிய மிருகம் கண்ணுல படுறது அபூர்வம். ஆனா விடிஞ்ச கொஞ்ச நேரத்துல ஹூலக் கிப்பான்கள்ங்கிற வாலில்லாக் குரங்குகள் மரத்துக்கு மரம் கூவி எதிர்க்கூவல் போடுறதும், இருவாச்சி தலைக்கு மேல இறக்கையடிச்சுப் போற சத்தமும் கேட்டா, இத்தனை தூரம் வந்தது வீண் இல்லைன்னு தெரியும்.

பல நாள் நடைக்கு அரிசிக் கணக்குல தப்பு பண்றவங்க அதிகம். ரெண்டு பேர் அஞ்சு நாள் போறாங்கன்னு வச்சுக்கோங்க. வழிகாட்டி ஒருத்தர், சமையல்காரர் ஒருத்தர், சுமைதூக்கி மூணு பேர். மொத்தம் ஏழு. மலை நடையில ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை கிலோ அரிசி. ஏழு பேர், அஞ்சு நாள், பதினேழரை கிலோ. ஆறு பெருகி ஒரு நாள் கூடுதலா மாட்டினா இன்னும் மூணரை. ஆக 21 கிலோ. அதுவே ஒரு ஆள் சுமை. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் அரிசி வாங்கிட்டுப் போனா ரெண்டாவது நாளே தட்டுப்பாடு வந்துடும். பருப்பு, உப்பு, எண்ணெய், டீத்தூள் எல்லாத்தையும் இதே தலைக்கணக்குல மியாவ் கடையில வாங்குங்க.

குளிர்காலத்துலயும் ஈரமான இடத்துல ரத்தம் உறிஞ்சுற அட்டை இருக்கும். நெருக்கமா நெய்த துணியில தைச்ச அட்டை சாக்ஸை முழங்கால் வரைக்கும் இழுத்து, பேன்ட்டுக்கு மேல கட்டுங்க. பேன்ட்டுக்குள்ள போட்டா அட்டை துணி மேலேயே ஏறி இடுப்புக்கு வந்துடும். டிம்டாம்னு ஒரு குட்டி ஈ உண்டு. கடிச்ச இடத்துல ரத்தப்புள்ளி வச்சு நாள்கணக்குல அரிக்கும், முழுக்கைச் சட்டைதான் வழி.

மலேரியாவைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பத்திக் கேளுங்க, சிலதைப் பயணத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். ஊர் திரும்பி ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, அருணாசல் காட்டுல இருந்துட்டு வந்தேன்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லி, அன்னைக்கே ரத்தப் பரிசோதனை பண்ணுங்க.