நவரத்தினங்களில் ஒன்று, ஐந்தெழுத்து. எந்த ஒன்று?

வணக்கம் மக்களே! புதிர்ப் புத்தக அலமாரியைக் காட்டுகிறேன் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்தத் தீபாவளி மலர்க் குறுக்கெழுத்தைப் பற்றிப் பேசாமல் எனக்குத் தூக்கம் வராது.

எந்தப் பத்திரிகை என்று சொல்லப் போவதில்லை. ரத்தினம், பட்டாசு, பண்டிகை எல்லாம் கலந்த சிறப்புப் புதிர் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். விலை 200 ரூபாய். புதிருக்காகவே வாங்கினேன். பென்சிலைச் சீவி, காபியோடு உட்கார்ந்தால், முதல் குறிப்பு: "நவரத்தினங்களில் ஒன்று (5)". அவ்வளவுதான்!

எண்ணிப் பாருங்கள். மரகதம், மாணிக்கம், கோமேதகம், வைடூரியம். நான்குமே ஐந்தெழுத்து. நம் கட்டங்களில் புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம்தானே. நெடுக்கில் போய்க் கடைசி எழுத்தைப் பிடித்தேன், 'ம்' வந்தது. நான்குமே 'ம்'மில்தான் முடிகின்றன! ஒன்பதில் முத்தைத் தவிர எல்லாமே அப்படித்தான். அப்புறம் நான்காவது கட்டத்தில் 'க' விழுந்தது. மரகதமும் வைடூரியமும் கழன்றன. மாணிக்கமா, கோமேதகமா? மறுபடி காத்திருக்க வேண்டும். மூன்றெழுத்து என்று கேட்டிருந்தாலும் வைரம், முத்து, நீலம் மூன்றும் வரும். தனியாக நிற்பவை நாலெழுத்துப் பவளமும் ஆறெழுத்துப் புஷ்பராகமும்தான். அதில் ஒன்றைக் கேட்டிருக்கலாமே! இதற்குப் பெயர் புதிரா? குலுக்கல் சீட்டு!

எனக்குப் பிடித்த குறிப்பு எது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு முனையில் நேர்ப்பொருள், மீதியில் எழுத்து விளையாட்டு. இரண்டு வழியில் போனாலும் ஒரே விடையில் போய் நிற்க வேண்டும். இந்தச் சொற்கள் அதற்கு எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன! அந்தக் கோபத்திலேயே சிலவற்றை நானே எழுதிவிட்டேன். திரையில் பாருங்கள்.

"மரத்துக்குள் முடியாத கதவு, பச்சையாய் மின்னும் (5)". கதவு முடியவில்லை, அதனால் 'வு' கிடையாது. மிச்சமுள்ள 'கத'வை மரத்துக்கு நடுவில் செருகினால் மரகதம். இனி மாணிக்கமா கோமேதகமா என்ற பேச்சே இல்லை.

"திட்டிவிட்டு மது குடித்தால் கல் மின்னும் (3)". திட்டு என்றால் வை, மது ரம். வைரம்! "செழிப்புக்கு முன் பணத்தின் தலை, கடலடியில் சிவப்பு (4)". 'ப', அப்புறம் வளம். பவளம்.

பட்டாசுக்கு வருவோம். "தயிர் கடைவதற்கு ஆப்பு வைத்தால் பூப்பூவாய்ச் சிதறும் (5)". மத்தும் ஆப்பும் சேர்ந்து மத்தாப்பு. இதை எழுதி முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். அந்தப் புதிரில் இதே சொல்லுக்கு என்ன குறிப்பு தெரியுமா? "ஒரு வகைப் பட்டாசு". மனசு எரிகிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், ரத்தினம் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். உலகின் முதல் குறுக்கெழுத்தின் கட்டமே வைர வடிவம்தான்! ஆர்தர் வின் என்பவர் அமைத்தது. 1913 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வந்தது. பண்டிகையும் ரத்தினமும் இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கின்றன.

சரி, கொண்டாட்டம். "கீழே போகாத திருநாள் (2)". விழாத என்பதன் பழைய வடிவம் விழா. சின்னச் சொல்தான், ஆனால் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது என் செல்லம். "நெருப்புக்கும் காற்றுக்கும் நடுவே செய்யுள் படித்தால் பண்டிகை (4)". தீ, பா, வளி. வளிமண்டலத்தில் வருகிற அதே வளிதான். தீபாவளி! சொல்லின் வேர் தீபமும் ஆவளியும் என்று யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். ஆனால் புதிருக்கு வேர் தேவையில்லை, எழுத்து சரியாகப் பிரிந்தால் போதும். பட்டாசுக்கு வேண்டிய நெருப்பும் காற்றும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும்போது "ஐப்பசியில் வரும் பண்டிகை" என்று கேட்க எப்படி மனசு வருகிறது?

ஒன்றை உங்களுக்காக வைத்திருக்கிறேன். "வேலையில்லாதவனுக்கு வயிறு காலியானால் தெருவே அதிரும் (2)". விடையை மட்டும் போடாதீர்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்றும் எழுதுங்கள்.