உள்ளங்கால் கட்டிக்குக் கதிர் சிகிச்சை

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் உள்ளங்காலைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தடவிப் பாருங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே வளைந்திருக்கிற இடம். அங்கே பட்டாணி அளவில் கெட்டியாக ஏதாவது நெருடுகிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு செம்பூர் முருகன் கோயில் படி ஏறும்போது, படியின் விளிம்பு பட்டால் சுள்ளென்கிறதா? அப்படியானால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

1894-ல் லெடர்ஹோஸ் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் விவரித்த நோய் இது. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி ஓடுகிற தசைநார்ப் பட்டையில் நார்த்திசு பெருகிக் கட்டியாகிறது. இது புற்றுநோய் கிடையாது, புற்றுநோயாக மாறவும் மாறாது. கால் ஆணியும் வேறு. ஆணி தோலிலேயே இருக்கும். இந்தக் கட்டி தோலுக்கு அடியில். தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் தோலைத்தான் அரிக்கும், கட்டியைத் தொடாது. அந்தப் புண் ஆறும்வரை சிகிச்சையும் தள்ளிப் போகும்.

வெட்டி எடுத்துவிடலாமே என்பார்கள். கட்டியை மட்டும் வெட்டினால் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்ப வருகிறது. உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் நடக்க நடக்க அதுவும் வலிக்கும். அதனால்தான் கதிர் சிகிச்சை, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைக்கிறது. ரேடியேஷன் என்றாலே நமக்குப் பரேலில் உள்ள டாடா புற்றுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது, பயமும் கூடவே வருகிறது. அளவைக் கேளுங்கள். கிரே என்பது உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு. ஒரு நாளைக்கு 3 கிரே, 5 நாள், ஆக 15. பிறகு 6 முதல் 12 வாரம் இடைவெளி. மறுபடி 5 நாள், இன்னொரு 15. மொத்தம் 30 கிரே. புற்றுநோய்க்குப் பல நேரம் 60, 70 வரை போகும்.

நெதர்லாந்தில் 84 பேரிடம் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு நிஜமான கதிர், இன்னொரு பிரிவுக்குப் போலி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து நிஜக் கதிர் பெற்றவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. போலி பெற்றவர்களிலும் பலருக்குக் கொஞ்சம் தணிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: கதிர் பாய வேண்டிய இடத்தைச் சுற்றிப் பாதத்தில் பேனாவால் கோடு போடுவது. சிரிக்காதீர்கள், பாதி வைத்தியம் இதில்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தாலும் கட்டியின் விளிம்பை விரல்தான் சரியாகச் சொல்லும். அதிலும் நோயாளியின் விரல். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத்தானே தெரியும்? சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் சேர்த்து வரைய வேண்டும். கட்டியோடு ஒட்டி வரைந்தால், வெளியே கண்ணுக்குத் தெரியாமல் பெருகும் செல்கள் தப்பி, ஓரத்தில் புதிதாக முளைக்கும். உட்கார்ந்தபடி வரைந்துவிட்டுக் குப்புறப் படுக்க வைத்தால் தோல் நகர்ந்துவிடும். சிகிச்சைக்கு எப்படிப் படுக்கிறாரோ அப்படியே படுக்க வைத்துத்தான் வரைய வேண்டும். மும்பை வியர்வையில், ரப்பர் செருப்பின் உரசலில், கோடு ஒரே நாளில் அழிந்துபோகும். ஆகவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், கட்டைவிரலையும் குதிகாலையும் அடையாளமாக வைத்து, கோட்டைப் படியெடுத்துக்கொள்வது நல்லது. போட்டோவும் எடுக்கலாம்.

அந்த வடிவத்தில் ஈயத் தகட்டை வெட்டி மற்ற இடங்களை மறைப்பார்கள். பாதத்தின் மேல் அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஜெல் போன்ற பட்டை ஒன்று வைப்பார்கள். அது எதற்கு? இதற்குப் பயன்படுத்தும் எலக்ட்ரான் கதிர் தோலைத் தாண்டிச் சற்று உள்ளே போன பிறகுதான் முழு வீரியம் காட்டும். கட்டியோ தோலுக்கு நேர் கீழே. பட்டையை வைத்தால் அந்த வீரியம் மேலேயே கிடைக்கும். பட்டைக்கும் பாதத்துக்கும் நடுவே காற்று இடைவெளி விழுந்தால் கணக்கு கெடும். பாதமோ வளைவு, அங்கேதான் இடைவெளி விழும். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள்தான், அப்போது வலிக்காது.

எப்போது வைப்பது? கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது. பெருகுகிற செல்களைத்தான் கதிர் அடக்கும். இறுகிப்போன பழைய நாரை அது கரைக்காது. மறுபடி சொல்கிறேன், வளரும்போதுதான். வலி குறையச் சில மாதங்கள் ஆகலாம், கட்டி மறையாமலும் இருக்கலாம். முதல் 5 நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாம் சுற்றை விட்டுவிடாதீர்கள்.

குதிகால் வலிக்கும் கரண்ட் வைப்பதுண்டு. அது வேறு அளவு. தடவைக்கு அரை கிரே, 6 தடவை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மணி ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, இரவில் வலித்தாலோ முதலில் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சிகிச்சை வேண்டாம். இளைஞர்களுக்கு யோசித்துத்தான், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியதானாலும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் புண் இல்லை என்று பார்த்துக்கொண்டு வரவேண்டும். தோல் சிவக்கும், வறளும். வாசனையில்லாத கிரீம் போதும், வெந்நீர் ஒத்தடம் கூடாது. செருப்பில் மெத்தென்ற இன்சோல் போட்டு, கட்டி படும் இடத்தில் மட்டும் குழி வெட்டிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எத்தனை கிரே என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டி வந்தால், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். வணக்கம்.