பிபி மாத்திரை போட்டா வறட்டு இருமல் ஏன்? கிட்னிக்கு இதுல என்ன வேலை?

வணக்கம். ஒரு அம்மா கேட்டிருக்காங்க, சார் எனக்கு பிபிக்கு மொதல்ல எனலாப்ரில் குடுத்தாங்க, மூணே வாரத்துல வறட்டு இருமல், ராத்திரி தூக்கமே போச்சு, டாக்டர் பாத்துட்டு நெஞ்சுல சளியே இல்லன்னு சொல்லி டெல்மிசார்டன் மாத்தி குடுத்தாரு, கூடவே கிரியேட்டினின் பொட்டாசியம் டெஸ்ட் எடுக்க சொல்றாரு, பிபிக்கும் இருமலுக்கும் கிட்னிக்கும் என்ன சார் சம்பந்தம்னு.

மூணுமே ஒரே சங்கிலிம்மா. கிட்னின்னா யூரின் பிரிக்கிறது மட்டும்னு நெனைக்கிறோம்ல, ஒவ்வொண்ணும் 150 கிராம் இருக்கும் அவ்ளோதான், ஆனா ஹார்ட் பம்ப் பண்ற ரத்தத்துல சுமாரா அஞ்சுல ஒரு பங்கு இது ரெண்டுக்கும் போகுது, நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதுல ஒன்றரை லிட்டர் போல தான் யூரினா வெளிய விடுது, மிச்சத்த பூரா திரும்ப எடுத்துக்குது. இவ்ளோ வடிகட்டணும்னா பிரஷர் வேணும்ல? வீட்டு ஆர்ஓ மெஷின்ல பிரஷர் கொறஞ்சா தண்ணி சொட்டு சொட்டா வருமே, அதே கதை தான்.

அதனால கிட்னிக்குள்ள ரத்தம் நுழையுற சின்ன குழாய் வாசல்லயே சில செல்கள் காவல் இருக்கு. பிரஷர் கொறைஞ்சாலோ, உப்பு கொறைஞ்சாலோ ரெனின்னு ஒண்ண ரத்தத்துல விடும். இத ஹார்மோன்னு சொல்றவங்க நெறைய பேரு, உண்மைல இது வெட்டுற வேலை செய்ற என்சைம். லிவர் ஆஞ்சியோடென்சினோஜன்னு ஒரு புரோட்டீன் செஞ்சு சும்மா மிதக்க விட்டிருக்கும், ரெனின் போய் அத வெட்டும், ஆஞ்சியோடென்சின் 1 வரும், அது ஒண்ணுத்துக்கும் ஆகாது, நுரையீரல் பக்கம் போறப்ப அங்க ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற ஏசிஇ என்சைம் இன்னொரு வெட்டு வெட்டும், அப்ப வர்றது தான் ஆஞ்சியோடென்சின் 2. இவரு தான் ஆளு. ரத்தக்குழாய இறுக்குவாரு, தாகம் எடுக்க வைப்பாரு, கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பிய தட்டி ஆல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன விட வைப்பாரு, அது உப்ப புடிச்சு வெச்சுக்கும், உப்பு பின்னாடியே தண்ணி, பிரஷர் ஏறிடும்.

இந்த ரெனின 1898லயே ஸ்டாக்ஹோம்ல டீகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயல் கிட்னிய வெச்சு கண்டுபுடிச்சாங்க, யாரும் பெருசா எடுத்துக்கல. 1934ல கோல்ட்பிளாட்னு ஒருத்தர் நாயோட கிட்னிக்கு போற குழாய கிளிப் போட்டு லேசா நெருக்குனாரு, பிபி ஏறிடுச்சு. பாவம், உடம்புல ரத்தம் கொறஞ்சிடுச்சுன்னு கிட்னி ஏமாந்துடுச்சு, அவ்ளோதான். அதுக்காக எல்லா பிபிக்கும் ரெனின் தான் காரணம்னு எடுத்துக்காதீங்க, ரெனின் கம்மியா இருந்தும் பிபி இருக்கிறவங்க நெறைய.

இப்ப இருமல். எனலாப்ரில் அந்த ஏசிஇய கட்டிப்போடுது. பிரச்சனை என்னன்னா அதே ஏசிஇ தான் பிராடிகைனின்னு ஒரு பொருள சிதைக்கிற வேலையும் பாத்துட்டு இருந்துச்சு, அது நின்னதும் பிராடிகைனின் தேங்கி மூச்சுக்குழாய அரிக்குது. சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த வகைல வாய்வழியா சாப்பிட வந்த மொத மாத்திரை கேப்டோபிரில், அதுக்கு வழி காட்டுனது பிரேசில் நாட்டு விரியன் ஒண்ணோட விஷம். டெல்மிசார்டன் ஏசிஇய தொடவே தொடாது, ஆஞ்சியோடென்சின் 2 போய் உக்கார்ற எடத்த மட்டும் அடைச்சிடும், அதனால தான் இருமல் ரொம்ப அபூர்வம். பழைய இருமல் உடனே நிக்காதும்மா, சில வாரம் ஆகும், சிலருக்கு அதுக்கு மேலயும்.

டெஸ்ட் எதுக்குன்னா, இந்த ரெண்டு மாத்திரையுமே ஆஞ்சியோடென்சின் 2 வேலைய தடுக்குறதால ஆல்டோஸ்டிரோனும் கொறையும், அது கொறைஞ்சா பொட்டாசியம் உள்ளயே தங்கும். கிட்னி ஏற்கனவே வீக்கா இருக்கிறவங்க நல்லதுன்னு தெனம் இளநீர் குடிச்சாலோ, சோடியம் கம்மின்னு விக்கிற பொட்டாசியம் உப்ப சமையல்ல போட்டாலோ அது ஹார்ட் துடிப்பையே கெடுத்துடும். கிட்னி வடிகட்டி வெளிய தள்ளுற கழிவு தான் கிரியேட்டினின், மாத்திரை ஆரம்பிச்சா அது கொஞ்சம் ஏறும், 30 சதவீதத்துக்குள்ளன்னா பொதுவா பயப்படறதில்ல, அதுக்கு மேல போனா தான் கிட்னிக்கு போற குழாய் சுருங்கியிருக்கா, அதாவது அந்த நாய்க்கு போட்ட கிளிப் இவங்களுக்கு தானா விழுந்திருக்கான்னு ஸ்கேன்ல பாப்போம்.