மலை வரும்போது வெளிச்சம் இருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர் போய்ச் சேருவதற்காக இல்லாமல், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்காகவே நெடுந்தூர ரயிலில் ஏறுகிறவர்கள் உண்டு. இன்றைய உரை அவர்களுக்காக. எந்தப் பாதையில் போவது என்று பல மாதம் யோசிக்கிறவர்கள்கூட, அது முடிவானதும் நேரே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாதையின் எந்த முனையிலிருந்து ஏறுவது, எந்த மாதத்தில் ஏறுவது என்ற இரண்டு கேள்விகள் அப்படியே நின்றுபோகின்றன. பயணத்தில் கண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்த இரண்டும்தான் பெருமளவுக்கு முடிவு செய்கின்றன.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சியாட்டிலுக்கும் இடையே கோஸ்ட் ஸ்டார்லைட் என்ற ரயில் ஓடுகிறது. 2,200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். கலிபோர்னியாவின் வடக்கே, 4,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த சாஸ்தா மலையின் பக்கமாக அது போகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஏறி வடக்கே போகிறவர்களுக்கு அந்த இடம் அதிகாலையில் வரும். கோடையில் போனால், சூரியன் எழும் நேரத்தில் பனி மூடிய சிகரத்தைப் பார்க்கலாம். சியாட்டிலில் ஏறித் தெற்கே வருகிறவர்கள் அதே இடத்தை நள்ளிரவையொட்டிக் கடக்கிறார்கள். ரயிலும் அதுதான், மலையும் அதுதான். ஒருவர் பார்க்கிறார், மற்றவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கால அட்டவணையைக் கையில் எடுக்கும்போது, புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். நீங்கள் ஆசைப்படும் மலையோ பள்ளத்தாக்கோ எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். போகும் ரயிலும் வரும் ரயிலும் அங்கே எத்தனை மணிக்கு இருக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, நீங்கள் போகும் தேதியில் அந்த இடத்தில் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி, தாமதம். வட அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமான தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. பல இடங்களில் ஒற்றைப் பாதை. எதிரே வரும் சரக்கு ரயிலின் நீளம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியும் இருக்கும். ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதையில் அது அடங்காவிட்டால், பயணிகள் ரயில்தான் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். அப்படி இரண்டு மணி நேரமும் போகலாம், அரை நாளும் போகலாம். இதற்காகக் கோபப்படுவதை விட, இதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: உங்கள் மலை காலையில் வருகிற திசையைத் தேர்ந்தெடுங்கள். காலை எட்டு மணிக்கு வர வேண்டிய மலை பதினொரு மணிக்கு வந்தால் ஒரு நஷ்டமும் இல்லை, வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு வர வேண்டியது ஒன்பது மணிக்கு வந்தால், ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. தாமதம் தூரத்தோடு சேர்ந்து வளரும். புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காட்சி சொன்ன நேரத்துக்கே வர வாய்ப்பு அதிகம். நான்காவது நாள் வரும் காட்சிக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் உள்ள எமரிவில் வரை போகும் கலிபோர்னியா செஃபிர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 3,900 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். சமவெளிகளை ஓர் இரவில் கடந்துவிட்டு, மறுநாள் காலை டென்வர் நகரிலிருந்து எட்டு மணியளவில் மேற்கே கிளம்புகிறது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வளைந்து வளைந்து ராக்கி மலைமேல் ஏறத் தொடங்கிவிடும். 1928இல் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மொஃபட் சுரங்கப்பாதையைக் கடந்தபின் கொலராடோ ஆற்றைப் பிடித்துக்கொண்டு பிற்பகல் முழுக்க மலை இடுக்குகளுக்குள் போகிறது. மாலை நான்கு மணியளவில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊர். டிசம்பரில்கூட, நேரத்துக்கு ஓடினால் இத்தனையும் பகலிலேயே முடிந்துவிடும்.

எதிர்த்திசையில் கிழக்கே வரும் ரயில் டென்வரை மாலையில்தான் தொடுகிறது. ஜூன் மாதம் என்றால் பரவாயில்லை, அங்கே இரவு எட்டரை வரை வெயில் இருக்கும். டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. சுரங்கப்பாதையிலிருந்து டென்வர் வரையிலான அந்த அழகான இறக்கம், ரயில் நேரத்துக்கு வந்தால்கூட இருட்டில் போய்விடும். கீழே சமவெளியில் நகரத்தின் விளக்குகள் விரிந்து தெரிவதும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மலையைப் பார்க்கப் போனவருக்கு அது ஈடாகாது. இந்தப் பாதையில் மேற்கு நோக்கிப் போவதையே நான் சிபாரிசு செய்வேன். பாதையின் மறுமுனையில் இருக்கும் சியரா நெவாடா மலைகள் இரண்டு திசையிலும் பகலில்தான் வருகின்றன, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கனடாவில் கதை தலைகீழ். டொரன்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே 4,466 கிலோமீட்டர் ஓடும் கனேடியன் ரயிலில் நான் கிழக்கு நோக்கிப் போகச் சொல்வேன். வான்கூவரில் பிற்பகல் ஏறினால் மறுநாள் காலையிலேயே ராக்கி மலைகள். தாமதம் பெரிதாகச் சேர அதற்குள் நேரம் இருக்காது. கனேடிய ராக்கி மலைகளிலேயே உயரமான ராப்சன் சிகரம், 3,954 மீட்டர், ஜாஸ்பர் ஊருக்கு முன்னால் ரயிலின் இடப்பக்கம் வரும். காலை வெயில் அதன் தெற்கு முகத்தில் விழும். மேகம் அடிக்கடி மறைத்துவிடும், அது நம் கையில் இல்லை. டொரன்டோவிலிருந்து வந்தால், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த ரயில் நான்காவது நாள்தான் ஜாஸ்பரைத் தொட வேண்டும். இருட்டும் அளவுக்குப் பிந்திவிட்டால் ராப்சன் போயிற்று. புல்வெளிகளை நாள்கணக்கில் கடந்து கடைசியில் மலை எழும்புவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதற்காக வெளிச்சத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

கடிகாரத்தையும் மறக்க வேண்டாம். மேற்கே போகப் போக நேரம் பின்னால் நகரும், அப்படி நகரும் நாள் உங்களுக்கு இருபத்தைந்து மணி நேரம். கிழக்கே போனால் அந்த ஒரு மணி நேரம் பறிபோகும். மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டரில் ஏழு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. அங்கே இது தூக்கத்தையே பாதிக்கும். அந்தப் பாதையில் பைக்கால் ஏரியின் தெற்குக் கரையை ஒட்டி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகிறது. அதைப் பகலில் கடக்கும் ரயிலாகப் பார்த்து எடுங்கள். கிழக்கே போனால் ஏரி இடப்பக்கம்.

இனி பருவம். நாள் குறுகக் குறுகத் திசை முக்கியமாகிறது. ஜூன் மாதத்தில் எந்தத் திசையில் போனாலும் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஜூன் நடுவில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம், டிசம்பரில் ஆறு மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து பெர்கன் போகும் ரயிலுக்கு ஏழு மணி நேரம் ஆகும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்சே நிலையத்தைச் சுற்றி ஜூனிலும் பனி கிடக்கும். கீழே பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும்.

வட அமெரிக்க மலைகளுக்கு என் முதல் தேர்வு மே பிற்பாதியும் ஜூனும். சிகரங்களில் பனி இருக்கும், உருகிய நீரால் ஆறுகள் நிரம்பி ஓடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீயின் புகை பல நாட்கள் மலையையே மறைத்துவிடும். 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரின் ஒரு பகுதியே எரிந்து, ரயில்கள் நிறுத்தப்பட்டன. இரண்டாவது தேர்வு செப்டம்பர் கடைசி வாரம், ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகும் நேரம். இந்த நிறம் உயரத்தில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். 1,600 மீட்டரிலிருந்து 2,800 மீட்டருக்கு ஏறும் செஃபிர் போன்ற ரயிலில், வாரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் வழியில் எங்கேயாவது பொன்னிறம் அகப்படும். குளிர்காலத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். இலை உதிர்ந்தபின்தான், கோடையில் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த ஆறு கண்ணில் படும்.

மழைக்காலமே சிறந்த பருவமாக இருக்கும் பாதைகளும் உண்டு. 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதையில் அருவிகள் உயிர் பெறுவது அப்போதுதான். ஆனால் மழைக்கு என்று அங்கே தனி அட்டவணை இருக்கிறது, ரயில்கள் மெதுவாகப் போகும். பகலில் கடக்கும் என்று நீங்கள் நினைத்த இடம் இருட்டுக்குத் தள்ளிப்போகலாம். அந்தத் தனி அட்டவணையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதை முதலில் ஆறோ கடலோ முடிவு செய்யட்டும். இரண்டு பக்கமும் காட்சி ஒன்றுபோல் இருந்தால், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். கண் கூசாது, காட்சியின் மேல் நேராக வெளிச்சம் விழும். பூமியின் வட பாதியில் அது பெரும்பாலும் வடக்குப் பக்கம். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத் போகும் டிரான்ஸ்ஆல்பைன் போன்ற ரயில்களில் அது தெற்குப் பக்கம்.

அப்புறம், இன்று நான் சொன்ன நேரங்களை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். அட்டவணைகள் மாறும். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கனேடியன் போன்ற ரயில் வாரத்துக்கு இரண்டு முறைதான் புறப்படுகிறது. ஆகவே மலையைப் பார்க்க வேண்டிய நாளை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணிப் புறப்படும் தேதிக்கு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.