கீலா ஆறு வற்றிய பிறகு

அவையோருக்கு வணக்கம். முன்னோர் உணவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கம்பு, கேழ்வரகு என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் உங்களை அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

அங்கே கீலா என்றோர் ஆறு. அதன் கரையில் வாழும் பழங்குடிகளைப் பீமா என்பார்கள். பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டி வெள்ளாமை செய்த கெட்டிக்காரர்கள். மக்காச்சோளம், பூசணி, டெபரி என்கிற வறட்சி தாங்கும் அவரை. அப்புறம் மெஸ்கீட் மரத்துக் காய். நாம் பிடுங்கி எறியச் சொல்லி நீதிமன்றம் வரை போனோமே சீமைக்கருவேலம், அதற்கு நெருங்கிய சொந்தம் இந்த மரம்! அந்தக் காயை இடித்து மாவாக்கித் தின்றார்கள். இனிக்கத்தான் செய்யும், ஆனால் அதிலுள்ள பசை போன்ற நார், சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறவிடாது. டெபரி அவரையும் மெல்லச் செரிக்கிற உணவுதான்.

1849இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடியவர்களுக்குக் கோதுமை விற்ற மக்கள் இவர்கள். சில பத்தாண்டுகளில் மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். கடைமடைக்காரன் கதி என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பிறகு அரசாங்கம் கொடுத்த வெள்ளை மாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் அன்றாடச் சாப்பாடாயின. 1965இல் ஆய்வாளர்கள் வந்து பரிசோதிக்கத் தொடங்கியபோது, 35 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய்.

இதற்கு ரத்தத்தில், அதாவது பரம்பரையில், காரணம் தேடினார்கள். ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் 1962இலேயே பொதுவாக ஒன்றைச் சொல்லியிருந்தார்: பஞ்சத்தில் பிழைக்க உதவிய மரபணு, சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் வினையாகிறது. கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ரத்தத்தைக் குறை சொன்னால் ஆற்றைத் திருப்பியவனை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

மெக்சிகோ மலையில் மய்கோபா என்று ஓர் ஊர். அங்கேயும் பீமா மக்கள். அரிசோனா பீமாக்களுக்கு மரபுவழியில் நெருங்கியவர்கள். மக்காச்சோள ரொட்டி, அவரை, உருளைக்கிழங்கு, நாள் முழுக்க உடலுழைப்பு. 2006இல் வெளியான ஆய்வின்படி அவர்களில் சர்க்கரை நோய் 6.9 சதவீதம், அரிசோனாவில் 38. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை அது தனியாக உண்டாக்கவில்லை.

உணவை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்க முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். மய்கோபாக்காரர் தட்டில் இருப்பதோடு அவர் ஏறி இறங்கும் மலையும் சேர்ந்தது அந்த 6.9. ஆகவே, மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினை மட்டும் சாப்பிடுங்கள் என்று யாராவது சொன்னால், தினையை வாங்கிக்கொள்ளுங்கள், யோசனையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அரிசோனாவில் இப்போது டெபரியை மறுபடியும் பயிரிடுகிறார்கள். ரமோனா பட்டன் என்ற பீமா விவசாயி, தன் தந்தையார் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த விதையை வைத்துத்தான் தொடங்கினார். விதை இருந்தும் தண்ணீர் வேண்டுமே! பீமா மக்கள் நெடுங்காலம் வழக்காடி, 2004இல் சட்டத்தின் மூலம் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி தண்ணீருக்கு உரிமை பெற்றார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. அந்த உரிமையில் ஏறக்குறையப் பாதி கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாயில் வர வேண்டியது. அந்த ஆற்றிலும் இப்போது தண்ணீர் குறைந்துவருகிறது. பங்கீட்டுப் பேச்சு இன்னும் முடியவில்லை.