நகர்க்காட்டுக்குப் போய்வருபவர் மாறுகிறாரா?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நகரத்துக்குள் ஒரு காடு இருந்தால் வெப்பம் தணியும், மழைநீர் மண்ணில் இறங்கும், தூசி அடங்கும் என்பதையெல்லாம் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவற்றை மறுபடியும் அடுக்கப் போவதில்லை. அந்தக் காட்டுக்குள் போய்வருகிற மனிதர், வீடு திரும்பிய பிறகு சூழலுக்கு உகந்த முறையில் நடந்துகொள்கிறாரா என்பதுதான் இன்றைய பொருள். ஓரளவுக்கு ஆம் என்றே சொல்வேன். ஆனால் எத்தனை முறை போனார் என்பதைவிட, அங்கே அவருக்கு என்ன ஒட்டுறவு உண்டாயிற்று என்பதே அந்த மாற்றத்தைத் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்தில் 24,000-க்கும் மேற்பட்டோரிடம் திரட்டப்பட்ட கணக்கெடுப்பை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இயற்கையான இடங்களுக்கு அடிக்கடி செல்வோரும் இயற்கையை மனமார ரசிப்போரும், மறுசுழற்சி, சூழலைக் கெடுக்காத பொருள்களைத் தேர்ந்து வாங்குதல் முதலான பழக்கங்களை மற்றவர்களைவிட அதிகமாகக் கடைப்பிடிப்பதாக அது காட்டியது. இங்கே அவசரப்படக் கூடாது. ஏற்கெனவே அக்கறை உள்ளவர்தானே காட்டைத் தேடிப் போவார் என்று ஒருவர் கேட்டால், இந்த வகை ஆய்வால் மட்டும் அவருக்கு முழுமையாகப் பதில் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் சோதனைகள் வேண்டியிருக்கின்றன. 2015-இல் கனடா நாட்டு உளவியலாளர்கள் சிலருக்கு இயற்கைக் காட்சிகளையும், வேறு சிலருக்குக் கட்டடங்களைப் பற்றிய காட்சிகளையும் காணொளியாகக் காட்டிவிட்டு, பொதுவான மீன்வளத்திலிருந்து ஒவ்வொருவரும் மீன் பிடிக்கும் ஒரு கணினி விளையாட்டை ஆடச் செய்தார்கள். இயற்கையைப் பார்த்தவர்கள் மீன்வளம் அற்றுப்போகாதபடி அளவோடு பிடித்தார்கள். ஒரு காணொளிக்கே இவ்வளவு வலு என்றால் நேரில் நடப்பதற்கு எவ்வளவு இருக்கும் என்று மகிழத் தோன்றும். ஆனாலும் அது ஆய்வுக்கூடத்தில் சிறிது நேரம் நீடித்த மனநிலை மட்டுமே. பல மாதங்களுக்கு நிலைக்கும் பழக்கம் உருவாக வேறொன்று தேவை.

அந்த வேறொன்றைக் காட்டுக்குள்ளேயே பார்க்கலாம். பாதையோரம் விழுந்து கிடக்கும் ஒரு மரத்தை அகற்றாமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். முதல் முறை வருபவருக்கு அது வெறும் கட்டை. சில வாரம் கழித்து வரும்போது பட்டை உரிந்து, அடியில் வெண்மையான பூஞ்சை இழைகள் படர்ந்திருக்கும். மழைக்குப் பின் காளான் வரிசையாக முளைத்திருக்கும். கட்டையைத் தொட்டால் பஞ்சுபோல் அமுங்கும், விரலில் ஈரமண்ணின் வாசம் ஒட்டும். எந்தக் கழிவும் வீணாகாமல் மண்ணாக மாறுவதை அவர் அங்கே கண்ணாலேயே பார்க்கிறார். அதே சருகுக்கிடையில் நிறம்கூட மங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தால், அதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நம் நிர்வாகங்களோ அந்தக் கட்டையை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் அறிவிப்புப் பலகையை நடுகின்றன. பலகை கூடாது என்பதல்ல. ஆனால் இயற்கையோடு ஒட்டுறவு எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்ந்து 2017-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, புலன்வழித் தொடர்பு, உணர்வு, அழகு, பொருள்காணல், பரிவு ஆகியவையே அதற்கு வழிகள் என்றும், வெறும் தகவலறிவு அவ்வளவாக உதவுவதில்லை என்றும் கண்டது. ஒரு மரத்தின் இனப்பெயரை மனப்பாடம் செய்த பிள்ளையைவிட, அந்த மரத்தடியில் விளையாடிய பிள்ளைக்கே அதன்மேல் உரிமை வரும். அமெரிக்க நகரவாசிகள் சுமார் 2,000 பேரைக் கொண்டு 2006-இல் வெளியான ஆய்வும் இதற்கு ஒத்துவருகிறது: 11 வயதுக்குள் காட்டில் விளையாடி அலைந்த அனுபவம், பூப்பறித்தல், செடி நடுதல் போன்றவற்றைவிட, வளர்ந்த பின்னுள்ள சூழல் மனப்பான்மையோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தது.

இதற்கு எல்லையும் உண்டு. காட்டில் குப்பை போடாமலிருப்பதும் அந்தக் காட்டை வெட்ட வரும்போது எதிர்த்துக் கையெழுத்திடுவதும் எளிதில் வரும். குளிரூட்டியைக் குறைப்பதும் விமானப் பயணத்தைத் தவிர்ப்பதும் அவ்வளவு எளிதில் வருவதில்லை. அவற்றில் விலையும் வசதியும் குறுக்கே நிற்கின்றன. நல்ல மனத்தோடு வாரந்தோறும் காரில் நெடுந்தூரம் ஓட்டிக் காட்டுக்கு வந்து நடந்துவிட்டுப் போகிறவரின் கணக்கை, புகையையும் சேர்த்தே போட வேண்டும்.

ஆகவே ஊருக்கு வெளியே ஒரு பெரிய காட்டைத் திறப்பதைவிட, பள்ளியிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் நடந்தே வரக்கூடிய சிறு காடுகள் பலவற்றை நான் விரும்புகிறேன். நுழைவாயிலில் தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வந்தார்கள், எதில் வந்தார்கள், ஓராண்டு கழித்து வீட்டில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்றும் நகராட்சிகள் கேட்டுப் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவு கையில் இருந்தால்தான் அடுத்த காட்டை எந்த இடத்தில், எந்த வடிவில் அமைப்பது என்று பேச முடியும்.