தூறலில் ஷெர்புரூக் காடு

வணக்கம் நேயர்களே. விடியற்காலையில் தூறல், அரை மணியில் சுள்ளென்று வெயில், மறுபடியும் இருட்டிக்கொண்டு வரும். மெல்பர்ன்காரர்களுக்கு இது புதிதா என்ன? இந்த வானத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்பவர்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன். காட்டுக்குப் போக இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

பெல்கிரேவ் ரயில் தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கினால், ஷெர்புரூக் காட்டுக்கு நடந்தே போய்விடலாம். பூக்கும் மரங்களில் உலகிலேயே உயரமான மவுண்டன் ஆஷ் யூகலிப்டஸ் நிற்கும் காடு. வெயில் நாளில் உதிர்ந்த பட்டையும் சருகும் காலடியில் நொறுங்கி, நாம் வருவதை ஊருக்கே சொல்லிவிடும். ஈரத்தில் அந்தச் சத்தம் இருக்காது. கூட்டமும் இருக்காது.

ஜூன், ஜூலையில் லையர்பேர்ட் பாடும். பத்து சென்ட் நாணயத்தில் இருக்கிறதே, அதே பறவைதான். கண்ணைவிடக் காதுக்குத்தான் இங்கே வேலை. சாட்டையைச் சொடுக்கியதுபோல் விப்பேர்ட் பறவையின் குரல் வரும். தொடர்ந்து குக்கபராப் பறவையின் சிரிப்பு, உடனே ரோசெல்லாக் கிளி. எல்லாம் ஒரே புதரிலிருந்து வந்தால் அப்படியே நின்றுவிடுங்கள், அத்தனையும் ஒரே லையர்பேர்டின் தொண்டை. மரம் அறுக்கும் ரம்பம்போல் கத்தும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் கூண்டில் வளர்ந்த பறவைகள். காட்டில் இருப்பது மற்ற பறவைகளைத்தான் பாடிக்காட்டும்.

ஆண் பறவை பதினாறு வால் இறகுகளையும் முதுகுக்கு மேலாகக் கவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு ஆடும். எல்லாரும் அதைத்தான் தேடிப் போகிறார்கள். எனக்கென்னவோ அது இரை தேடுவதுதான் பிடிக்கும். நீண்ட நகத்தால் ஈரச் சருகை வாரி இறைக்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு புழுவைக் கொத்தும். பக்கத்துக் கிளையில் மஞ்சள் வயிற்று ராபின் ஒன்று, சிந்துவது கிடைக்காதா என்று காத்திருக்கும். இப்படிக் கிளறியே ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சராசரியாக 155 டன் மண்ணையும் சருகையும் இவை இடம் மாற்றுவதாக லாட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாதையோரம் முள்பந்து ஒன்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தால், அது எகிட்னா. முட்டையிடும் பாலூட்டி. நெருங்கினால் ஓடாது, நின்ற இடத்திலேயே மண்ணைப் பறித்து உள்ளே இறங்கிவிடும், முதுகு முள் மட்டும் வெளியே தெரியும். அசையாமல் பொறுத்திருங்கள், சற்று நேரத்தில் அதுவே மூக்கை நீட்டும்.

ஈரக் காட்டில் அட்டை உண்டு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அட்டையாவது பரவாயில்லை. மழைக்குப் பயப்பட வேண்டாம், காற்றுக்குப் பயப்படுங்கள். 2021 ஜூனில் அடித்த புயலில் இந்தக் காடு இருக்கும் டாண்டினாங் மலையில் எத்தனை பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன என்பதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின இரவு வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று இந்தக் காட்டைப் பராமரிக்கும் பார்க்ஸ் விக்டோரியா அமைப்பின் இணையதளத்தில் தெரிந்துகொள்ளுங்கள். மூடியிருந்தால் பெல்கிரேவில் சூடாக ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுங்கள்.